ஊர் நூலகத்தில் ஒரு வம்சாவளி அறை

அமெரிக்காவின் ஊர்ப் பொது நூலகங்கள் பலவற்றில் உள்ளூர் வரலாற்றுக்கும் வம்சாவளிக்கும் தனி அறை ஒன்று இருக்கும்; அறை இல்லாத இடத்தில் சில அலமாரிகளாவது இருக்கும். பழைய செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் சுருள்கள், நகர டைரக்டரிகள், கல்லறை வாசகங்களின் தட்டச்சுப் பிரதிகள், பள்ளி ஆண்டு மலர்கள், தேவாலயப் பதிவேடுகளின் நகல்கள், குடும்பவாரியாகச் சேர்த்துவைத்த செய்தித் துணுக்குகள் எல்லாம் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் எதையும் இரவல் தரமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். தாத்தாவின் தாத்தா யார், எங்கிருந்து வந்தார், என்ன வேலை பார்த்தார் என்று அறிய விரும்பும் சாதாரண மனிதருக்கு இவ்வளவு பயன்படும் இடம் வேறு இல்லை. கோடிக்கணக்கான ஆவணங்கள் இணையத்துக்கு வந்துவிட்ட பிறகும் இந்த நிலை மாறவில்லை.

காரணம் எளிது. பெயர் என்பது பலவீனமான துப்பு. நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவை அங்கே கவுண்டி என்பார்கள். ஒரே கவுண்டியில் ஒரே காலத்தில் ஐந்தாறு ஜான் ஸ்மித்துகள் இருந்தது சகஜம். வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் பெயரையோ ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். ஊர் அப்படி நழுவிப்போவதில்லை. பத்தாண்டு ஓர் ஊரில் குடியிருந்தவர் அங்கே வரி கட்டியிருப்பார், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பார், நிலம் வாங்கியிருப்பார், யாரோடாவது வழக்காடியிருப்பார். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தாளில் பதிவாகியிருக்கும். அந்தத் தாள்களில் பெரும்பகுதி தலைநகருக்குப் போகவே இல்லை; ஊரிலேயே தங்கிவிட்டன. ஆகவே குடும்ப வரலாறு தேடுபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, முன்னோர் எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார் என்பதே. அதற்கு விடை கிடைத்தால் எந்த நூலகத்தின் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.

வரிப்பணத்தில் நடக்கும் ஊர் நூலகம் அமெரிக்காவில் 1833இல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் பீட்டர்பரோவில் தொடங்கியது. 1845இல் பாஸ்டனில் வம்சாவளி ஆய்வுக்கென்றே ஒரு சங்கம் அமைந்தது. ஆயினும் நெடுங்காலம் வம்சாவளி தேடுவது வசதி படைத்தவர்களின் காரியமாகவே இருந்தது. 1890இல் உருவான ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ என்ற பெண்கள் சங்கத்தில் சேர வேண்டுமானால், சுதந்திரப் போருக்குத் துணை நின்ற ஒருவரின் நேர்வாரிசு என்பதை ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். அதற்காக அந்தப் பெண்கள் ஊர் ஊராகக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய்க் கல்லில் இருந்ததை எழுதியெடுத்தார்கள். குடும்பங்கள் தங்கள் பைபிளின் பக்கங்களில் குறித்துவைத்திருந்த பிறப்பு, திருமணம், இறப்புத் தேதிகளையும் பிரதி செய்து, தட்டச்சு செய்து, நூலகங்களில் சேர்த்தார்கள். குலப்பெருமைக்காகச் செய்த வேலை அது. ஆனாலும் மழையிலும் பனியிலும் எழுத்து கரைந்துபோன எத்தனையோ கல்லறைகளுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்தத் தட்டச்சுத் தாள்தான்.

கதவு எல்லோருக்கும் திறந்தது பிற்பாடு. அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ 1976இல் நூலாக வந்து, 1977 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடராக ஓடியது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மூதாதை ஒருவரில் தொடங்கித் தன் குடும்பத்தின் கதையை ஹேலி அதில் சொல்லியிருந்தார். அந்த வம்சாவளியின் பல கண்ணிகளை ஆய்வாளர்கள் பின்னர் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஆனால் அது மூட்டிய ஆவல் உண்மையானது. பண்ணை அடிமைகளின் கொள்ளுப்பேரர்களும், சுரங்கத்தில் உழைக்கக் கப்பலேறி வந்தவர்களின் பேத்திகளும் நூலகங்களின் வம்சாவளி அறைகளில் வந்து உட்கார்ந்தார்கள். தேடல் பெருமைக்கு மட்டுமே உரியதாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

நூலகத்துக்குப் போகுமுன் வீட்டில் முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் உண்டு. தன்னிலிருந்து பின்னோக்கி, ஒரு தலைமுறையை உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆவணம் காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். புகழ்பெற்ற ஒருவரை முன்னோராக வரித்துக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கிவர முயல்பவர்கள் பெரும்பாலும் வேறொருவருடைய குடும்பத்துக்குள் போய்ச் சேருவார்கள்.

நூலகத்தில் பலரும் முதலில் கேட்பது மரணச் செய்தி. இதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பிறப்பு இறப்பைப் பதிவு செய்யும் சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு காலத்தில் வந்தது. மாசசூசெட்ஸ் 1841இலேயே தொடங்கிவிட்டது; தெற்கே தென் கரோலினா 1915இலும் ஜார்ஜியா 1919இலும்தான் முறையாகத் தொடங்கின. அதற்கு முந்தைய இறப்புகளுக்கு அரசுச் சான்று பெரும்பாலும் கிடையாது. ஊர்ச் செய்தித்தாள்தான் கதி. இருபதாம் நூற்றாண்டு மரணச் செய்தி ஒன்றை எடுத்தால், இறந்தவர் எங்கே பிறந்தார், எப்போது இந்த ஊருக்கு வந்தார், எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தவர், எந்தத் தோட்டத்தில் அடக்கம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைவிட மதிப்புள்ளது கடைசிப் பத்தி. உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பட்டியல் அதில் வரும். மணமான மகள்கள் கணவரின் பெயரோடும் அவர்கள் வாழும் ஊரோடும் குறிக்கப்பட்டிருப்பார்கள். திருமணத்தால் குடும்பப் பெயர் மாறிப்போன பெண்களைத் தேடிக் களைத்தவருக்கு அந்த இரண்டு வரி பெரிய கொடை.

சிற்றூர்ச் செய்தித்தாள்கள் பல இன்னும் இணையம் ஏறவில்லை. ஏறியவற்றிலும் மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கிறது. இங்கேதான் நூலகர்களின் உழைப்பு கைகொடுக்கிறது. எத்தனையோ நூலகங்களில் ஊழியர்களும் தன்னார்வலர்களும் செய்தித்தாளை இதழ் இதழாகப் புரட்டி, இறந்தவரின் பெயர், செய்தி வந்த நாள், பக்கம் ஆகியவற்றைச் சிறு அட்டைகளில் எழுதி அகர வரிசையில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். அந்த இழுப்பறைகளுக்கு இணையான தேடுபொறி அந்த ஊருக்கு வேறெதுவும் இல்லை. அட்டையில் நாளைப் பார்த்து, அதற்குரிய மைக்ரோஃபிலிம் சுருளைக் கருவியில் மாட்டிப் படிக்க வேண்டியதுதான். ‘சென்ற செவ்வாய்க்கிழமை காலமானார்’ என்று இருந்தால், இதழின் தேதியைக் கொண்டு நாளைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நகர டைரக்டரி. தொலைபேசி வருவதற்கு வெகு காலம் முன்பே நகரவாசிகளின் பெயரையும் முகவரியையும் தொகுத்து விற்கும் தொழில் அங்கே வேரூன்றியிருந்தது. 1870இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய போல்க் நிறுவனம் இதில் மிகவும் பெயர்பெற்றது. முகவர்கள் வீடு வீடாகப் போய் விவரம் கேட்டு எழுதுவார்கள். அது அகர வரிசையில் அச்சாகும். ஒருவருக்கு ஒரே ஒரு வரி. குடும்பப் பெயர், இயற்பெயர், தொழில், தெரு, வீட்டு எண். வீட்டுக்குடையவரா, குடியிருப்பவரா, சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து அறையில் தங்கியிருப்பவரா என்பதை ஓரெழுத்து ஈரெழுத்துச் சுருக்கங்கள் காட்டும். சுருக்கங்களுக்கு விளக்கம் நூலின் முன்பக்கத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் உள்ளே போகக் கூடாது.

ஒற்றை வரியில் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றலாம். ஆனால் வரிசையாகப் பத்தாண்டு டைரக்டரிகளை எடுத்து ஒரே குடும்பத்தின் வரியை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் ஒரு வாழ்க்கை தெரியும். முதல் ஆண்டு தொழிற்சாலைக் கூலியாள், வாடகை அறை. மூன்றாம் ஆண்டு தச்சர், தனி வீடு. ஆறாம் ஆண்டு அதே வீட்டு எண்ணில் அதே குடும்பப் பெயருடன் ஓர் இளைஞர், எழுத்தர் வேலை. மகன் சம்பாதிக்கும் வயதுக்கு வந்துவிட்டான் என்று ஊகிக்கலாம். எட்டாம் ஆண்டு தச்சரின் பெயர் இல்லை. அந்த இடத்தில் அவர் மனைவியின் பெயரும் ‘இன்னாரின் விதவை’ என்ற குறிப்பும் இருக்கின்றன. இரண்டு டைரக்டரிகளுக்கு இடைப்பட்ட சில மாதங்களில் அவர் இறந்திருக்க வேண்டும். மரணச் செய்தியை எந்தச் சுருளில் தேடுவது என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஓர் எச்சரிக்கையும் உண்டு. கணவரைப் பிரிந்த பெண்கள் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சித் தங்களை விதவை என்று சொல்லிக்கொண்டதும் அந்தக் காலத்தில் நடந்திருக்கிறது. தென்மாநில டைரக்டரிகளில் கறுப்பினத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ ஓரெழுத்தோ போட்டுப் பிரித்துக் காட்டினார்கள். இழிவுபடுத்தும் நோக்கில் போட்ட அந்தக் குறியைத்தான் இன்று அவர்களின் சந்ததியினர் தங்கள் முன்னோரை அடையாளம் காணும் துப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டு எண் கிடைத்ததும் சான்போர்ன் வரைபடத்தைப் பார்க்கலாம். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867இலிருந்து தயாரிக்கப்பட்ட இந்த வரைபடங்கள் சுமார் 12,000 ஊர்களுக்கு உண்டு. ஐம்பது அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் ஒவ்வொரு கட்டடமும் வரையப்பட்டு, செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பும் மரக்கட்டடத்துக்கு மஞ்சளும் கல்லுக்கு நீலமும் பூசப்பட்டிருக்கும். எத்தனை மாடி, கூரை எதனால் ஆனது, தெருவில் தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பது வரை இருக்கும். புதுக் கட்டடம் எழுந்தால் அதற்குரிய துண்டுத்தாளைப் பழைய படத்தின் மேல் ஒட்டிவிடுவார்கள். எந்த இடத்தில் தீப்பிடிக்கும் என்று கணக்குப் போடவே தீட்டிய படம், கொள்ளுத்தாத்தா குடியிருந்த மஞ்சள் நிற மரவீட்டையும் அதன் பின்னால் இருந்த லாயத்தையும் காட்டித் தருகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊர் ஆவணம் அல்ல. ஆனால் அதைத் தேடுவதற்கும் மக்கள் நாடுவது ஊர் நூலகத்தைத்தான். 1790இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கணக்கில் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். 1850இலிருந்து அடிமைகள் தவிர எல்லோருடைய பெயரும், 1880இலிருந்து தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பதும் உண்டு. எடுத்து 72 ஆண்டு ஆன பிறகே பெயர் விவரம் பொதுமக்களுக்குத் திறக்கப்படும். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரல் 1 அன்று வெளியாயிற்று. நடுவே ஒரு பெரும் பள்ளம். 1890 கணக்கின் தாள்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டன் வணிகத் துறைக் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் சேதமடைந்தன. மிஞ்சியவையும் பின்னர் அழிக்கப்பட்டன. ஏறத்தாழ 6 கோடியே 30 லட்சம் மக்களில் சுமார் 6,000 பேரின் விவரம் மட்டுமே தப்பியது. 1880க்கும் 1900க்கும் நடுவே, குடியேற்றம் மிகுந்திருந்த அந்த இருபதாண்டு இடைவெளியைத் தாண்ட நகர டைரக்டரிதான் பாலம். இதேபோல 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் நேர்ந்த தீயில் கோடிக்கும் மேற்பட்ட ராணுவத்தினரின் பணிப்பதிவுகள் போயின. ஆனால் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களில் பலர் தங்கள் விடுவிப்புச் சான்றைக் கவுண்டி நீதிமன்ற அலுவலகத்தில் பதிவு செய்துவைத்திருந்தார்கள். மைய அரசு இழந்ததை ஊர் காப்பாற்றிய கதை இப்படிப் பல உண்டு.

கணக்கெடுப்பில் பெயர் கிடைக்கவில்லை என்றால் எழுத்துக்கூட்டலைச் சந்தேகிக்க வேண்டும். நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்ற நிலையமாக இருந்த எல்லிஸ் தீவின் அதிகாரிகள் குடியேறியவர்களின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. அங்கிருந்தவர்களோ கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் பிறகு, பள்ளியிலும் வேலையிடத்திலும், அவரவர் விருப்பத்தாலும்தான். இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்தது சவுண்டெக்ஸ். பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலி நெருக்கமுள்ள மெய்யெழுத்துகளுக்கு ஒரே இலக்கம் கொடுக்கும் முறை இது. ஸ்மித் என்பதை எப்படி எழுதினாலும் எஸ்530 என்றே வரும். 1935இல் முதியோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பிறப்புச் சான்று இல்லாத லட்சக்கணக்கானோர் வயதை நிரூபிக்க வேண்டியதாயிற்று. பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்தவர்களுக்கு அரசு கொடுத்த பணிகளில் ஒன்றாக, பழைய கணக்கெடுப்புகளுக்குச் சவுண்டெக்ஸ் அட்டைகள் எழுதப்பட்டன. 1880 கணக்கில் பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள குழந்தைகள் இருந்த வீடுகளுக்கு மட்டும் அட்டை இருப்பதற்குக் காரணம் இதுதான். ஓய்வூதியம் கேட்கும் வயதை எட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் குழந்தைகளே.

கறுப்பின அமெரிக்கர்களின் தேடல் இவற்றையெல்லாம் தாண்டி 1870இல் ஒரு சுவரில் முட்டும். விடுதலைக்குப் பிறகு எல்லோரையும் பெயரிட்டு எழுதிய முதல் கணக்கு அது. அதற்கு முந்தைய 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் என்று வரி வரியாக எண்ணிக்கை ஓடும். அநேகமாக எங்குமே பெயர் இருக்காது. முப்பத்தைந்து வயது ஆண், இருபத்தெட்டு வயது பெண், நான்கு வயதுக் குழந்தை. ஒரு குடும்பமா என்பதைக்கூட அந்தத் தாள் சொல்லாது. இந்தச் சுவரை ஏறிக் கடக்க, தேடுபவர் தன் முன்னோரை விட்டு அவரை உடைமையாக வைத்திருந்தவரின் உயில், சொத்துப் பங்கீடு, விற்பனைப் பத்திரங்களுக்குள் போக வேண்டும். ஏனென்றால் அங்கேதான் மனிதர்கள் பெயரோடு எழுதப்பட்டார்கள், மாடுகளோடும் கலப்பைகளோடும் சேர்த்து. விடுதலை பெற்றோருக்காக 1865இல் தொடங்கி 1874இல் நொடித்துப்போன சேமிப்பு வங்கியின் பதிவேடுகள் இன்னொரு வழி. கணக்குத் தொடங்க வந்தவரிடம் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், சில சமயம் முந்தைய எஜமானர் யார் என்பது வரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். விற்கப்பட்டு எங்கோ போய்விட்ட அண்ணனின் பெயரையும் அவர்கள் மறக்காமல் சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர்ப் பண்ணைகளின் பெயர், எல்லை, உடைமையாளர் வரிசை தெரிந்த நூலகர் ஒருவர் இல்லாமல் இந்த வேலையில் வெகுதூரம் போக முடியாது.

அறையில் பளபளப்பாக இருக்கும் தடித்த கவுண்டி வரலாறுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு அணுகுவது நல்லது. சுதந்திரத்தின் நூற்றாண்டான 1876ஐ ஒட்டியும் அதன் பிறகும் ஏராளமாக வெளிவந்த இந்த நூல்களில் வாழ்க்கைக் குறிப்பு இடம்பெறப் பெரும்பாலும் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்ததும் அநேகமாக அந்தந்தக் குடும்பமே. அவற்றில் தோல்வியடைந்தவர்கள் யாரும் இல்லை. அவற்றைவிடச் செய்தித் துணுக்குக் கோப்புகளே நம்பத்தக்கவை. குடும்பப் பெயர் வாரியாக உறைகளில் போட்டு வைத்திருக்கும் கடிதம், திருமண அழைப்பு, குடும்ப ஒன்றுகூடல் நிகழ்ச்சி நிரல், முன்பு தேடிய யாரோ கையால் வரைந்துவைத்த கொடிவழிப் படம் என்று எதுவும் அங்கே கிடைக்கலாம். இவை எந்த இணையப் பட்டியலிலும் இருக்காது. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

கட்டணம் வாங்கும் பெரிய வம்சாவளித் தளங்களையும் நூலகக் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். நூலகம் சந்தா கட்டியிருக்கும். யூட்டாவின் மார்மன் திருச்சபை 1938இலிருந்து உலகெங்கும் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்துச் சேர்த்தது. அந்தச் சுருள்களைத் தபாலில் இரவல் அனுப்பும் முறை 2017இல் நின்றது; சுருள்கள் படிப்படியாக இணையப் படங்களாயின. அவற்றில் ஒரு பகுதி ஒப்பந்த நிபந்தனையால் வீட்டுக் கணினியில் திறக்காது, இணைப்பு பெற்ற நூலகத்தில் மட்டும் திறக்கும். இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்னில் உள்ள ஆலன் கவுண்டி பொது நூலகம் 1961இல் தொடங்கிய வம்சாவளிப் பிரிவு, ஒரு கவுண்டி நூலகம் நாடு முழுவதற்கும் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று. வம்சாவளிச் சங்கங்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான சிற்றிதழ்களின் கட்டுரைகளுக்கு ஊர் வாரியாகவும் குடும்பப் பெயர் வாரியாகவும் அட்டவணை தயாரித்துத் தந்திருப்பது அந்த நூலகம்தான்.

ஊரைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம் என்ற முறை தமிழர்களுக்கும் உதவியிருக்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடலிலுள்ள தழும்பு ஆகியவை இருக்கும். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் கோவெண்டராகவும் முதலி மூட்லியாகவும் மாறிவிட்டாலும், கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்தாவது நிற்கிறது. அதைச் சென்னை மாகாணத்தின் பழைய மாவட்டக் கையேடுகளோடும் கிராமப் பட்டியல்களோடும் ஒப்பிட்டு உண்மையான ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா பொது நூலகமும் அத்தகைய பழம் நூல்களைப் பார்க்கத்தக்க இடங்கள்.

தொலைவில் இருப்பவர்கள் நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். பலவற்றில் சிறு கட்டணத்துக்குத் தேடித் தருவார்கள். ‘என் குடும்பத்தைப் பற்றி இருப்பதையெல்லாம் அனுப்புங்கள்’ என்ற கடிதத்துக்கு யாராலும் பதில் எழுத முடியாது. ஒருவரின் முழுப் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, என்ன ஆவணம் என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் வரும். கிடைத்த ஒவ்வொன்றோடும் நூலின் பெயர், பக்கம், இதழின் நாள், நூலகத்தின் பெயர் ஆகியவற்றை அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். தேடியும் கிடைக்காததைக்கூடக் குறித்துவைப்பவர்கள் அதே சுருளை மறுபடி ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால், நிகழ்ச்சிக்கு நெருக்கமான காலத்தில், நேரில் அறிந்தவர் சொல்லி எழுதப்பட்டது எது என்று பார்க்க வேண்டும். இறப்புச் சான்றில் இறந்த தேதி சரியாக இருக்கும். பிறந்த தேதியோ துக்கத்தில் இருந்த மகனோ மருமகளோ நினைவிலிருந்து சொன்னது.

தேடி முடித்தவர்கள் தங்கள் தொகுப்பின் ஒரு நகலை அதே ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுவது வழக்கம். உயிரோடிருப்பவர்களின் விவரங்களை நீக்கிவிட்டு, ஆதாரங்களின் பட்டியலோடு கொடுக்க வேண்டும். புகைப்படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஆட்களின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதித் தருமாறு நூலகர்கள் கேட்பார்கள்; பேனா மை மறுபக்கம் ஊறிப் படத்தைக் கெடுக்கும். கொடுத்தது குடும்பப் பெயரிட்ட உறைக்குள் போய், நூலகப் பட்டியலில் சேர்ந்து, அடுத்துத் தேடி வருபவரின் மேசைக்கு வரும்.